தரங்கம்பாடியில் எத்தனை பேர்? எண்ணுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள்

தரங்கம்பாடிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றின் மக்கள்தொகை, தொழில், வருமானம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவதாகவும், 2011 சென்சஸ் அட்டவணையில் மீனவர் என்று ஒரு கட்டமே காணோம், அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள் தம்பி. அந்தக் குழப்பம் வந்ததே நல்லது, பலருக்கு அது வருவதுகூடக் கிடையாது, எண்ணை எடுத்துச் சதவீதம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் தரங்கம்பாடிக்காரன், பள்ளி ஆசிரியன். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை அந்த நீளச் சென்சஸ் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்த அட்டவணை எப்படிச் சமைக்கப்படுகிறது என்று அடுப்படிப் பக்கமிருந்து சொல்ல முடியும்.

சென்சஸில் வேலை செய்கிறவர்களை நாலு பெட்டிக்குள் போடுவார்கள். பயிர் செய்கிறவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்கிறவர், அப்புறம் 'பிற தொழிலாளர்'. 1991 வரை ஒன்பது பெட்டி இருந்தது, அதில் கால்நடை, காடு, மீன்பிடி எல்லாம் சேர்த்துத் தனியாக ஒன்று. 2001-இல் நாலாகச் சுருக்கினார்கள், மீன்பிடி கடைசிப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆக, கடலுக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பேக்கரி வைத்திருக்கிறவர், என்னைப் போன்ற வாத்தியார் எல்லாரும் உங்கள் கையிலிருக்கும் தாளில் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். மீனவர் தொலைந்துபோகவில்லை, கூட்டத்தில் கலந்துவிட்டார், அவ்வளவுதான்.

மீனவரைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்தும் கணக்கெடுப்பு இருக்கிறது. 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்திருக்கிறார்கள். 2010 கணக்கில் தமிழ்நாட்டில் 573 கடல் மீனவக் கிராமங்கள், 1,92,697 மீனவக் குடும்பங்கள், ஆட்கள் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அதில் மீனவக் குடும்பம் மட்டும்தான் வரும். அதே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கும் முஸ்லிம் வீடுகளோ, ஈசிஆருக்கு மேற்கே இருக்கும் விவசாயக் கூலிகளோ அதில் கிடையாது. ஒரு கணக்கில் ஊர் இருக்கிறது, மீனவர் தெரியவில்லை. இன்னொன்றில் மீனவர் இருக்கிறார், ஊர் தெரியவில்லை.

இப்போது ஒரு வாசலைச் சொல்கிறேன். மீனவர் தெருவில் ஒரு வீடு, மதியம் பன்னிரண்டரை இருக்கும். திண்ணையில் நாற்பத்தைந்து வயது அம்மா, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பெரிய அலுமினியப் பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கிறது, அதன் விளிம்பிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் படியில் ஒரு கோடு போட்டிருக்கிறது, செதில் ஒட்டின முறம் ஒன்று சுவரோரம். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்றேன். "நான் என்ன சார் வேலை பாக்குறேன், வீட்லதான் சும்மா இருக்கேன்" என்றார். பேனா 'வேலை செய்யாதவர்' கட்டத்துக்குப் போய்விட்டது. அப்புறம்தான் அந்தத் தண்ணீர்க் கோடு கண்ணில் பட்டது. காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். நாலு மணிக்குக் கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வண்டி பிடித்துச் செம்பனார்கோயில் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு, பதினோரு மணிக்குத் திரும்பி, சமைத்து முடித்து இப்போதுதான் உட்கார்ந்தாராம். வருடத்தில் எத்தனை மாதம் இப்படி என்றால், "மீன் இருக்குற நாளெல்லாம்" என்றார். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் சென்சஸ் கணக்கில் அவர் 'முதன்மைத் தொழிலாளர்'. அடித்துத் திருத்தி எழுதினேன். முந்தின தெருவில் எத்தனை பேரை இப்படி 'சும்மா இருக்கிறவர்' என்று எழுதிவிட்டு வந்தேனோ, அது எனக்கே வெளிச்சம். அதனால் கடலோர ஊர்களில் பெண்களின் வேலை விகிதம் குறைவு என்று அட்டவணையை வைத்து நீங்கள் ஒரு பத்தி எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் குற்ற உணர்வும் வரும்.

ஆண்கள் கதை இதற்கு நேர்மாறு. பெண்கள் ஊரில் இருந்தும் வேலைக் கணக்கில் இல்லை, ஆண்களில் ஒரு பெரும் பங்கு ஆள் கணக்கிலேயே இல்லை. கணக்கெடுக்கும் அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் சேர்க்கக் கூடாது என்பது விதி. முஸ்லிம் தெருக்களில் நான் போன பல வீடுகளில் வயதான அத்தா, அம்மா, மருமகள், பிள்ளைகள். மகன் எங்கே என்றால் "சபுர்ல இருக்காக". வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதற்கு இந்தப் பக்கத்து முஸ்லிம் பேச்சில் சபுர், போகிறவர் சபுராளி. இது வளைகுடாவில் எண்ணெய் கிடைத்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். மரைக்காயர்கள் என்ற முஸ்லிம் வணிகர்கள் இந்தக் கரையிலிருந்து மலாய்த் துறைமுகங்களுக்குத் துணி ஏற்றிப் போனவர்கள், சிங்கப்பூரில் நாகூர் தர்கா 1830-லேயே கட்டி முடிக்கப்பட்டது என்றால் அதற்கு எவ்வளவு முன்னாலிருந்து போக்குவரத்து இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் விமானமாகியிருக்கிறது. இப்போது அது முஸ்லிம் தெருவோடு நிற்கவும் இல்லை, மீனவப் பையன்கள் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், மேற்குத் தெருப் பையன்கள் மஸ்கட், துபாய், அதுவும் முடியாதவர்கள் திருப்பூர், சென்னை.

2011-இல் நாங்கள் பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தோம். மாவட்ட மக்கள்தொகை 16,16,450. ஆயிரம் ஆண்களுக்கு 1,025 பெண்கள். மாநில அளவில் அது 996. இந்த வித்தியாசத்தைப் பார்த்து 'பெண்குழந்தைகளைப் போற்றும் மாவட்டம்' என்று எழுதி வைத்தவர்களும் உண்டு. போற்றுகிறார்களா இல்லையா என்பது வேறு விஷயம், ஆனால் அந்த 1,025-க்குள் வெளியூர் போன ஆண்களும் மறைந்து நிற்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஊருக்குள் பணம் கொண்டுவரும் ஆள் கணக்கில் இல்லை, அவர் அனுப்பும் பணத்தில் கட்டின மாடி வீடு மட்டும் 'நிரந்தர வீடு' கட்டத்தில் இருக்கிறது.

இடையில் ஒரு நடைமுறை விஷயம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது, தரங்கம்பாடி தாலுகா அதில் போய்விட்டது. பழைய எண்களை நாகப்பட்டினத்தின் கீழே தேடுங்கள். அடுத்த சென்சஸ் 2027-இல், சாதியும் சேர்த்து எண்ணப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது, அதுவரை 2011-ஐத்தான் கட்டி அழ வேண்டும்.

சரி, சென்சஸைத் திட்டியது போதும். ஊர் தன்னைத்தானே எப்படி எண்ணிக்கொள்கிறது என்பதைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் சுவையான பகுதி.

மீனவர் தெருவில் ஆள் கணக்கு கிடையாது, தலைக்கட்டுக் கணக்குதான். கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி, கோயில் திருவிழா வரி, சண்டை சச்சரவுக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் கூடினால் வாய் திறக்கும் உரிமை எல்லாம் இதைப் பொறுத்தது. பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்களில் நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஒரு நிர்வாகம் இருக்கும், அரசாங்கப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. எந்த வலை போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, பக்கத்து ஊரோடு தகராறு வந்தால் யார் பேசுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். கல்யாணமாகாத இருபத்தெட்டு வயதுப் பையன் தினமும் கடலுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினாலும் அவன் தலைக்கட்டு இல்லை. புருஷனை இழந்த பெண்ணுக்கு ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடும், பெரும்பாலும் முழுக் கணக்கு கிடையாது.

முஸ்லிம் தெருவுக்கு ஜமாஅத் பதிவேடு. சந்தா கட்டும் குடும்பம், நிக்காஹ், மவுத் எல்லாம் அதில் ஏறும், சபுரில் இருக்கிறவர் பெயரும் இருக்கும். சென்சஸ் விட்ட ஆளை இங்கே பிடிக்கலாம். லுத்தரன் சபைக்கும் கத்தோலிக்கப் பங்குக்கும் ஞானஸ்நானப் பதிவேடு, வேலை கிடைத்துச் சென்னையில் செட்டிலாகி இருபது வருடமான குடும்பம்கூட அதில் உறுப்பினராகவே இருக்கும், கிறிஸ்துமஸுக்கு வருவார்களே. அப்புறம் ரேஷன் கார்டு, கூட்டுக் குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்தாலும் கார்டு மூன்று இருக்கும், அதைக் குறை சொல்லவும் முடியாது.

இதெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேரைக் கடல் கொண்டுபோன பிறகு, நிவாரணம் லாரி லாரியாக வந்தது. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கக் கையில் தயாராக இருந்த ஒரே பட்டியல் பல ஊர்களில் தலைக்கட்டுப் பட்டியல்தான். அந்த அவசரத்தில் அது இல்லாவிட்டால் அடிதடியாகியிருக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடலையே நம்பிப் பிழைத்து, தலைக்கட்டில் இல்லாதவர்கள் இருந்தார்கள். புருஷனில்லாத மீன்காரம்மா, கரையில் சுமை தூக்கியவர், வலை இழுக்கக் கூலிக்கு வந்த தலித் ஆள், உப்பு ஏறிய வயலின் குத்தகைக்காரர். இவர்கள் பல இடங்களில் வரிசையின் கடைசிக்குப் போனார்கள், சிலர் வரிசைக்கே வரவில்லை. எந்தப் பட்டியலை எடுக்கிறோம் என்பதில்தான் யாருக்குச் சோறு என்பது இருந்தது.

பட்டியலைப் போலவே, ஊர்ப் பலகையில் கிராமமா பேரூராட்சியா என்று எழுதியிருப்பதும் காசு. நீங்கள் 'கிராமம்' என்று எழுதியிருக்கிறீர்கள், மீனவர் தெருவில் நின்றால் எங்களுக்கும் கிராமம்தான். ஆனால் தரங்கம்பாடி பேரூராட்சி, பொறையாறும் அதற்குள் வரும், 2011-இல் மொத்தம் 23 ஆயிரத்துச் சொச்சம் பேர். பேரூராட்சி என்பதால் 100 நாள் வேலை எங்களுக்குக் கிடையாது, அது ஊராட்சிகளுக்கு மட்டும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இல்லை, அந்தப் பக்கம் ஊராட்சியில் இருக்கும் அவர் சொந்தக்காரருக்கு உண்டு. இரண்டு பேரும் ஒரே வயலில் நடவு நட்டவர்கள். அதனால் ஆய்வுக்கு எந்த எல்லையை எடுக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இவ்வளவு கலவை ஏன் என்று கேட்டால், இது ஆதியிலிருந்தே துறைமுக ஊர். கடலோரத்தில் பாதி இடிந்து நின்ற மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் வரும். பட்டினம் என்றாலே வியாபாரிகள் இருந்தார்கள் என்றுதானே பொருள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டினார்கள். 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்தார், அச்சகம் வந்தது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு வந்தது, காகிதம் செய்த இடம் பொறையாற்றுப் பக்கம் கடுதாசிப்பட்டறை என்று இன்னும் அழைக்கப்படுகிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் இதையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அதற்குப் பிறகு இறக்கம்தான். 1860-இல் மாவட்டத் தலைநகர் இங்கிருந்து தஞ்சாவூருக்குப் போனது, 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்குத்தான் வந்தது, சரக்கு அங்கே போனது, சரக்கோடு வியாபாரியும் போனார். எங்களுக்கு 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில் பாதை கிடைத்தது, 1986-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் அப்பா அந்த ரயிலில் கல்லூரிக்குப் போனவர், இன்னும் புலம்புவார்.

இப்போது பணத்துக்கு வருவோம். கடல் பணம் எப்படிப் பிரிகிறது என்று ஒரு படகை வைத்துப் பாருங்கள். சுனாமிக்கு முன் கட்டுமரம் நிறைய, பிறகு தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்ததில் கட்டுமரம் ஏறக்குறைய மறைந்துபோனது, படகு பெருகியது, மீன் பெருகவில்லை. நாலைந்து பேர் போய் வருகிறார்கள் என்று வையுங்கள். விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாடு கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு, விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆனால் விற்பதற்கு முன்னாலேயே ஒருவர் நிற்கிறார். படகு வாங்கவோ எஞ்சின் மாற்றவோ முன்பணம் கொடுத்த வியாபாரி. அவரிடம் வாங்கினால் வட்டி என்று தனியாக இல்லை, மீனை அவர் வழியாகத்தான் போட வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கழிவு. முன்பணத்தைத் திருப்பிக் கட்டுகிற வரைக்கும் இது ஓடும், பலருக்கு அது முடிவதே இல்லை. 'சொந்தப் படகு' என்று உங்கள் கேள்வித்தாளில் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பிடித்த மீனை யாரிடம் வேண்டுமானாலும் விற்க முடியுமா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

விலையையும் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, காலண்டரும் தீர்மானிக்கிறது. புரட்டாசி வந்தால் உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் மீனைத் தொட மாட்டார்கள், கார்த்திகையில் மாலை போட்டவர் வீட்டில் மீன் அடுப்பேறாது, வெள்ளிக்கிழமை மந்தம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வஞ்சிரத்தின் பக்கம் போக முடியாது. முஸ்லிம் தெருவும் கிறிஸ்தவத் தெருவும் இருப்பதால்தான் புரட்டாசிச் சனிக்கிழமையிலும் கூடைக்காரம்மாவுக்குக் கொஞ்சமாவது ஓடுகிறது. மத நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் எவ்வளவோ பேசுகிறார்கள், எங்கள் ஊரில் அது கிலோ கணக்கிலும் நடக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர் 1,500 கட்டினால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகத் திரும்ப வரும். மற்ற இடைவெளியை நகைக்கடனும் குழுக்கடனும் தண்டலும் நிரப்பும். தங்கம் எங்கள் ஊரில் நகை இல்லை, அது மழைக்காலச் செலவு, அக்டோபரில் அடகுக்கடைக்கு உள்ளே போய் மார்கழிக்குப் பிறகு வெளியே வரும். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் பெரிய வலையான சுருக்குமடி வலைச் சண்டையும் இதே வருமானக் கதைதான். 2000-இல் மாநில அரசு தடை போட்டது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திங்கள், வியாழன் மட்டும், பகலில், 12 கடல் மைலுக்கு அப்பால் என்று நிபந்தனையோடு விட்டது. அந்த வலைக்குக் கடன் வாங்கிப் பெரிய முதல் போட்டவருக்கும், சின்ன வலைக்காரருக்கும் இடையே ஊருக்கு ஊர் நிலைப்பாடு வேறு. 'மீனவர்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டினால் இது தெரியாது.

மேற்கே வயல். நாங்கள் கடைமடை, காவிரிப் பாசனத்தின் கடைசி முனை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் இங்கே வாய்க்காலில் தண்ணீர் நனைக்கும்போது குறுவைக்கு நேரம் போயிருக்கும், ஆழ்துளைக் கிணறு போட்டால் கடற்கரை ஓரத்தில் உப்பு. அதனால் பலருக்குச் சம்பா ஒரு போகம்தான். நடவு, களை, அறுப்பு என்று முன்பு கூலிக்குடும்பங்களுக்குத் தொடர்ந்து வேலை இருந்தது, அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலி போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் தலித் குடும்பங்கள், நிலம் இல்லை, படகும் இல்லை, சபுருக்குப் போக முகவருக்குக் கட்டப் பணமும் இல்லை. ஊரிலேயே மெலிந்த பணப்பை அவர்களுடையது, சராசரி வருமானம் என்று எதைப் போட்டாலும் அதில் இது தெரியாது. அப்புறம் இறால் பண்ணை. தொண்ணூறுகளில் வயலை வெட்டிக் குளமாக்கினார்கள், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது, 2005-இல் ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது, பிறகு வனாமி இறால் வந்து மீண்டும் சூடு பிடித்தது. பத்துப் பேர் நடவு நட்ட இடத்தில் ஒரு காவலாளியும் ஒரு மோட்டாரும். பணம் நிறைய வருகிறது, யாருக்கு என்பதுதான் கேள்வி.

சுற்றுலா பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கோட்டை, கடற்கரை, இரண்டு மூன்று பழைய பங்களா. சனி ஞாயிறு கார் வரும், சுண்டல், மாங்காய், வறுத்த மீன் விற்கிறவர்களுக்கு ஓடும். காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால் நண்டலாறு சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வரும் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது, அதை நீங்கள் கட்டுரையில் எழுத வேண்டாம், யாரும் உண்மை சொல்லவும் மாட்டார்கள்.

நேரில் வருவதென்றால் மாசி, பங்குனியில் வாருங்கள். தடைக்காலத்தில் வந்தால் விசைப்படகு ஆட்கள் பாதிப் பேர் வெளியூர்க் கூலிக்குப் போயிருப்பார்கள், ஐப்பசியில் வந்தால் மழை, யாருக்கும் பேச மனம் இருக்காது. காலை ஐந்து மணிக்குக் கரைக்குப் போய் ஏலத்தைப் பாருங்கள், அங்கே யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள், திட்டுவார்கள். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டுக்குப் போங்கள், மதியம் தூங்குகிற நேரம். உங்கள் கேள்வித்தாளில் 'என்ன தொழில் செய்கிறீர்கள்' என்ற வரியை அடித்துவிட்டு, 'நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எங்கெல்லாம் போனீர்கள்' என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டது அந்த ஒரு வரிதான். ஜமாஅத் பதிவேடு பார்க்க முன்கூட்டியே கடிதம் வேண்டும், சபைக்கும் அப்படியே. தலைக்கட்டுப் பட்டியலுக்குக் கடிதம் எடுபடாது, ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும், வரும்போது சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன்.